படகில் ஆள் இல்லாத நேரத்துக்கு வயரிங் செய்யுங்கள்



வாடை மழை தொடங்க இன்னும் சில வாரங்கள்தான் இருக்கின்றன. அதற்குள் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். படகு வைத்திருப்பவர்களும், படகுக்கு வயரிங் செய்து கொடுப்பவர்களும் கடைசிவரை படியுங்கள். மற்றவர்கள் உங்கள் அண்ணன், தம்பி, மச்சான் யாராவது கடல் தொழிலில் இருந்தால் அவர்களுக்கு அனுப்பி வையுங்கள்.

படகின் அடியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளுகிற சின்ன மின்சாரப் பம்ப் பற்றியதுதான் இந்தப் பதிவு. கடையில் 'பில்ஜ் பம்ப்' என்று கேட்டால் தருவார்கள். உள்ளங்கையில் அடங்கும். 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். தண்ணீர் ஏறினால் தானாக ஓடவைக்க ஒரு மிதவை சுவிட்ச் உண்டு. 'ஃப்ளோட்' என்று சொல்கிறோமே, அதுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிதவை சுவிட்ச் வழியாக இந்தப் பம்புக்குப் போகும் வயரில் 'ஆஃப்' என்ற நிலையே இருக்கக் கூடாது. பேட்டரியிலிருந்து ஒரு ஃபியூஸ், அங்கிருந்து மிதவை, அங்கிருந்து பம்ப். நடுவில் மெயின் சுவிட்ச் வேண்டாம், பேனல் சுவிட்ச் வேண்டாம். விளக்கு, வயர்லெஸ், ஜிபிஎஸ், மீன் தேடும் கருவி எல்லாம் ஆள் இருக்கும்போது வேலை செய்தால் போதும். இந்த ஒன்று மட்டும் ஆள் இல்லாதபோது வேலை செய்ய வேண்டியது. அதனால் இதன் வயரிங்கும் மற்றவற்றைப் போல இருக்க முடியாது.

நம் தாத்தாக்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கட்டுமரத்துக்கு உள்பக்கம் என்பதே கிடையாது. மேலே விழுந்த தண்ணீர் மரங்களின் இடுக்கு வழியே இறங்கிப் போய்விடும். பலகை வைத்துக் கட்டிய வள்ளத்தில் தண்ணீர் ஊறும், ஆனால் அதைக் கையால் இறைக்க ஆள் இருந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையெங்கும் ஃபைபர் படகுகள் வந்தன. ஃபைபர் ஊறாது என்பது உண்மை. ஆனால் மேலே விழும் மழையும், தெறிக்கும் அலையும், இன்ஜின் தண்டு வெளியே போகும் இடத்தில் சொட்டும் கசிவும் உள்ளேயே தங்கிவிடும். அதை வெளியேற்ற ஒன்று கையும் வாளியும் வேண்டும், இல்லையென்றால் பம்ப் வேண்டும்.

மழைத் தண்ணீரில் என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. கரும்பலகை இல்லை, மனசிலேயே போட்டுப் பாருங்கள்.

30 அடி திறந்த படகு. மூக்குப் பக்கம் குறுகுவதைக் கழித்துவிட்டால் மழை விழும் பரப்பு சுமார் 14 சதுர மீட்டர். ஒரு இரவில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,400 லிட்டர். அதாவது 1.4 டன் எடை படகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்த எடையும் அசையாமல் உட்காராது. படகு சாய்கிற பக்கம் ஓடி, இன்னும் சாய்க்கும். பக்கவிளிம்பு ஒருமுறை தண்ணீரைத் தொட்டால் போதும், மீதியைக் கடல் பார்த்துக்கொள்ளும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதே 14 சதுர மீட்டர் படகில் அது 12,600 லிட்டர். பயமாக இருக்கிறதா? இப்போது பம்பின் கணக்கைப் பாருங்கள். 1100 ஜிபிஹெச் என்று எழுதிய பம்ப் மணிக்கு 1,100 அமெரிக்க கேலன், ஏறக்குறைய 4,160 லிட்டர் தள்ளும் என்கிறது அட்டை. அது மேலே ஏற்ற வேண்டிய உயரம் எதுவும் இல்லாத நிலையில் அளந்தது. ஹோஸ், வளைவு, ஒரு மீட்டர் உயரம் எல்லாம் சேர்ந்தால் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 2,000 லிட்டர். அப்படியென்றால் 12,600 லிட்டரை வெளியேற்ற ஆறேகால் மணி நேர ஓட்டம் போதும். மழை 24 மணி நேரத்தில் பரவி வருகிறது, பம்ப் விட்டுவிட்டு ஓடும். தாராளமாக 5 ஆம்பியர் எடுக்கிறது என்றாலும் மொத்தம் 32 ஆம்பியர்-மணிக்குள் முடிந்துவிடும். முழு சார்ஜில் உள்ள நல்ல 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு.

அந்த மகா மழையையே ஒரு சின்னப் பம்பும் ஒரு நல்ல பேட்டரியும் சமாளித்திருக்கும். பேட்டரிக்கும் பம்புக்கும் நடுவில் உள்ளது ஒழுங்காக இருந்தால்!

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், போன வருஷ மழையில் நம் பள்ளி மாணவன் ஒருவனின் படகு கட்டிய இடத்திலேயே மூழ்கியது. அவன் அனுமதியோடுதான் எழுதுகிறேன், பெயர் வேண்டாம். புயல் எச்சரிக்கையால் மூன்று நாள் யாரும் கடலுக்குப் போகவில்லை. இரண்டாம் நாள் இரவு படகு பக்கவிளிம்பு வரை இறங்கி, விடியும்போது இன்ஜின் தண்ணீருக்குள் இருந்தது. மனைவியின் நகையை அடகு வைத்து இன்ஜினை மறுபடி இறக்கிக் கட்டினான்.

"பம்ப் டூப்ளிகேட் சார், ஏமாத்திட்டாங்க" என்றான் என்னிடம். அந்தப் பம்பை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, இரண்டு வயரையும் நேராக ஒரு பேட்டரியில் தொட்டேன். ஜம்மென்று ஓடியது. மிதவையைத் தூக்கிப் பார்த்தோம், அதுவும் நல்ல நிலையில் இருந்தது. பிறகு வயரைப் பின்தொடர்ந்து போனோம். பம்புக்கான வயர் மெயின் சுவிட்சுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. அவன் பொறுப்பான பிள்ளை. படகை விட்டு இறங்கும்போது மெயினை அணைத்துவிட்டுத்தான் இறங்குவான். அணைத்த அந்த நொடியே பம்பும் மிதவையும் வெறும் பிளாஸ்டிக் டப்பாக்கள் ஆகிவிட்டன. மூன்று நாள் மழையும் அவற்றின் மேல்தான் விழுந்துகொண்டிருந்தது.

இதில் அவன் மேல் நான் குற்றம் காணவில்லை. மெயினை அணைப்பது நல்ல பழக்கம். ஒழுங்காக நடந்துகொள்கிறவனின் படகை மூழ்கடிக்கிற வயரிங்தான் தப்பு.

அதனால்தான் ஃபியூஸுக்கு அப்புறம் வயரை இரண்டாகப் பிரியுங்கள் என்கிறேன். ஒரு கிளை மிதவை வழியாகப் பம்புக்கு. இன்னொரு கிளை பேனலில் உள்ள கை சுவிட்ச் வழியாக அதே பம்புக்கு. கை சுவிட்சைப் போட்டால் மிதவை என்ன நிலையில் இருந்தாலும் பம்ப் ஓடும். கை சுவிட்சை எடுத்தால் பொறுப்பு மிதவைக்குப் போய்விடும். இரண்டையும் சேர்த்துக் கொல்கிற சுவிட்ச் எங்கேயும் இருக்காது. பம்பைக் கழற்ற வேண்டுமானால் ஃபியூஸை உருவிக்கொள்ளலாம், வேலை முடிந்ததும் போட்டுவிடலாம். கடையில் 'ஆட்டோ – ஆஃப் – மேனுவல்' என்று மூன்று நிலை சுவிட்ச் விற்கிறார்கள். பல நாடுகளில் அதுதான் வழக்கம், மோசமான பொருளும் அல்ல. ஆனால் நடுவில் உள்ள அந்த 'ஆஃப்' மேல் வலைக்கயிறு உரசினாலே போதும், யாருக்கும் தெரியாமல் விழுந்துவிடும். நம் படகில் எத்தனை கைகள், எத்தனை கால்கள், எத்தனை கயிறுகள் என்று உங்களுக்குத்தான் தெரியுமே.

இதற்கு மூன்று எதிர்வாதம் வரும். வந்தும் இருக்கிறது.

"மிதவை சிக்கிக்கொண்டால் பம்ப் நிற்காமல் ஓடிப் பேட்டரி தீர்ந்துவிடுமே சார்?" தீரலாம். மீன் செதில், நைலான் நூல், தெர்மோகோல் துண்டு எல்லாம் மிதவைக்கு அடியில் போய் அடைக்கும். அதற்குச் சல்லடை போட்ட கூண்டு வையுங்கள். பம்பின் பிளஸ் வயரிலிருந்து பேனலுக்கு ஒரு சின்ன விளக்கும் கொடுங்கள். பம்புக்கு எந்த வழியில் மின்சாரம் போனாலும் அது எரியும், கரையிலிருந்தே தெரியும். அப்படியும் தீர்ந்துபோனால் பேட்டரியை சார்ஜ் ஏற்றலாம், மூழ்கின இன்ஜினுக்கு அப்படி ஒரு வழி இல்லை.

"இன்ஜின் ஆயில் கசிந்திருந்தால் அதையும் சேர்த்து ஹார்பருக்குள் தள்ளிவிடுமே?" இது நியாயமான கேள்வி. நாம் மீன் பிடிக்கிற தண்ணீரில் நாமே எண்ணெய் ஊற்றக் கூடாது. ஆனால் அதற்கு மருந்து இன்ஜினுக்கு அடியில் ஒரு தட்டும், கசிவை அன்றன்றே துடைத்தெடுப்பதும்தான். எண்ணெய்க்குப் பயந்து பம்பை அணைத்து வைத்தால் படகு மூழ்கும்போது டீசல் டேங்க் முழுவதும் ஹார்பருக்குள் போகும்.

"பேட்டரியை நாங்கள் வீட்டுக்கு எடுத்துப்போய்விடுவோமே?" திருட்டுக்குப் பயந்து பலர் இதைச் செய்கிறீர்கள், தெரியும். இதற்கு என் பதில், பம்புக்கென்று தனியாக ஒரு சின்ன பேட்டரி, பூட்டுப் போட்ட பெட்டியில், கூரைமேல் 20 வாட் சோலார் தகட்டோடு. நல்ல வெயில் நாளில் அது 5 ஆம்பியர்-மணி அளவுக்குக் கொடுக்கும். மணிக்கு 10 லிட்டர் கசிகிற படகுக்கு ஒரு நாளைக்கு 240 லிட்டர்தான். பம்ப் ஏழரை நிமிஷம்கூட ஓட வேண்டாம், ஒரு ஆம்பியர்-மணிகூடச் செலவாகாது. மழை நாளில் சோலார் சோர்ந்துபோகும், அதனால் மழைக்காலம் தொடங்கும்போது அந்தப் பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும்.

அடுத்தது வயரின் தடிமன். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த எல்லாருக்கும் ஓம் விதி மனப்பாடம். பரீட்சையில் எழுதினீர்கள், மார்க்கும் வாங்கினீர்கள். அதைப் படகில் யாரும் எழுதிப் பார்ப்பதில்லை.

பேட்டரியிலிருந்து பம்புக்கு 5 மீட்டர். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும், ஆக 10 மீட்டர் செம்பு. 5 ஆம்பியர் ஓடுகிறது. 1 ஸ்கொயர் எம்எம் வயர் போட்டால் வழியிலேயே 0.86 வோல்ட் போய்விடும். 1.5 போட்டால் 0.57. 2.5 போட்டால் 0.34 வோல்ட், அதாவது 3 சதவீதத்துக்குள். முக்கியமான சர்க்யூட்டுக்கு 3 சதவீதத்தைத் தாண்டாமல் பார்ப்பது படகு வயரிங்கில் நல்ல வழக்கம். வீட்டில் 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் ஒரு வோல்ட் என்பது பன்னிரண்டில் ஒன்று. 'வீட்டு ஃபேனுக்கு இந்த வயர் போதுமே' என்று படகுக்கும் அதையே இழுப்பது இந்தக் கணக்கை மறப்பதால்தான். வோல்ட் 7 சதவீதம் குறைந்தால் மோட்டார் வேகமும் ஏறக்குறைய அதே அளவு குறையும். இந்த வகைப் பம்பில் தண்ணீரைத் தூக்கும் உயரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அது 14 சதவீதம் விழும். உங்கள் ஹோஸ் உயரமாகப் போகிறது என்றால் பம்ப் உறுமிக்கொண்டிருக்கும், தண்ணீர் மட்டும் பாதி வழியில் நிற்கும்.

முடிந்தால் வெள்ளீயம் பூசிய செம்பு வயர் வாங்குங்கள். சாதாரண செம்பில் உப்புத்தண்ணீர் இழைகளுக்கு நடுவே ஊர்ந்து ஏறும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போலத்தான். மேலே உறை புதிதாக இருக்கும், சீவிப் பார்த்தால் உள்ளே ஒரு சாண் நீளத்துக்குக் கறுத்திருக்கும்.

இணைப்புக்கு வருவோம். நான் பார்த்த படகுகளில் பம்ப் ஓடாததற்கு அதிகம் காரணமாக இருந்தது இதுதான். பம்போடு வரும் வயர் குட்டையாக இருக்கும். அதனால் இணைப்பைப் படகின் அடியிலேயே, தண்ணீர் தேங்கும் இடத்திலேயே முறுக்கி, கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுகிறார்கள். டேப் உப்புத்தண்ணீரைத் தடுக்காது. உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளும்.

அதைவிட மோசம், சுவிட்சை மைனஸ் வயரில் போடுவது. பம்ப் ஓடவில்லை என்றாலும் பம்பின் வயர்கள் எந்நேரமும் பிளஸ் 12 வோல்ட்டில் நிற்கும். இணைப்புக்குள் உப்புத்தண்ணீர் புகுந்ததும் மின்சாரம் தண்ணீர் வழியே மைனஸைத் தேடும். தாமிரத்தை மின்னாற்பகுப்பால் சுத்திகரிக்கும் பாடம் நினைவிருக்கிறதா? நேர்மின்வாயில் கட்டிய தாமிரம் கரையும். அந்தச் சோதனை இங்கே உங்கள் படகுக்கு அடியில் இரவும் பகலும் நடக்கிறது. அங்கே சுத்தமான தாமிரம் கிடைக்கும், இங்கே பச்சைப் பொடி கிடைக்கும். அதனால் சுவிட்ச், மிதவை, ஃபியூஸ் எல்லாம் பிளஸ் வயரில்தான் வர வேண்டும். பம்ப் நிற்கும்போது பம்புக்குள் பிளஸ் இருக்கக் கூடாது. மிதவைக்கு வரும் ஒரு வயரில் மட்டும் எப்போதும் பிளஸ் இருந்தே தீரும். அந்த இணைப்பைத் தண்ணீர் எட்டவே எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இணைப்பை நசுக்கிப் பிடிக்கும் கிரிம்ப் வகையில் சரியான கருவியால் செய்து, மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சூடாக்குங்கள். வெறும் சால்டரிங் மட்டும் போதாது. ஈயம் ஏறிய இடம் விறைத்துப்போகும், இன்ஜின் அதிர்வில் அந்த விளிம்பிலேயே ஒடியும். வயரை ஒவ்வொரு சாணுக்கும் கிளாம்ப் போட்டுப் பிடித்துவிடுங்கள். தொங்குகிற வயரை வலை இழுக்கும்.

ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் உள்ள வயருக்குப் பாதுகாப்பு கிடையாது, அந்தத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் என்று பம்பின் மேலேயே எழுதியிருக்கும், அதையே போடுங்கள். பம்புக்குள் நூல் சிக்கி மோட்டார் நின்றுபோனால் எதிர் மின்னியக்கு விசை இருக்காது, மின்னோட்டம் பல மடங்கு ஏறும். சரியான ஃபியூஸ் அப்போது போகும். பெரிய ஃபியூஸ் போகாது, மோட்டார்தான் கருகும். போன ஃபியூஸுக்குப் பதில் கம்பி சுற்றிவிடுகிற கெட்டிக்காரர்கள் நம் ஊரில் உண்டு. ஃபைபர் எரியும் பொருள் என்பதையும் பக்கத்தில் டீசல் இருப்பதையும் அவர்கள் நினைத்துப் பார்க்கட்டும்.

வயரிங் வேலை செய்யும் தம்பிகளுக்கு ஒரு விஷயம் தனியாக. மல்டிமீட்டரை நம்பி ஏமாறாதீர்கள். பம்பைக் கழற்றிவிட்டு வயர் முனையில் மீட்டரை வைத்தால் 12.6 காட்டும். 'சப்ளை வருது, பம்ப்தான் போச்சு' என்று சொல்லிவிடுவீர்கள். மீட்டர் எடுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ ஒன்றுமில்லை. மின்னோட்டம் இல்லாதபோது மின்தடையில் இழப்பும் இல்லை. இருபது இழையில் பத்தொன்பது அரித்துப்போய், ஒரு இழை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டும். பம்பை மாட்டினால்தான் குட்டு வெளிப்படும். பளு ஏற்றிப் பாருங்கள். பைக் கடையில் கிடைக்கும் 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்பை அந்த முனையில் மாட்டுங்கள். அது நாலரை ஆம்பியருக்கு மேல் எடுக்கும், கிட்டத்தட்ட பம்ப் அளவு. பல்ப் பிரகாசமாக எரிந்து, மீட்டரும் பேட்டரியின் வோல்ட்டுக்கு அரை வோல்ட்டுக்குள் காட்டினால் வயர் நல்ல வயர். பல்ப் மங்கினால் பம்பைக் குறை சொல்லாதீர்கள். இந்த ஒரு சோதனை தெரியாமல் எத்தனை நல்ல பம்புகள் குப்பைக்குப் போயிருக்கும்!

வெளியேறும் ஹோஸ் பற்றி ஒரு வரி. அதன் வாய், படகு முழுச் சுமையோடு சாய்ந்தாலும் கடல்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். வாய் தண்ணீருக்குள் போனால், பம்ப் நின்றதும் கடல் அதே ஹோஸ் வழியே உள்ளே வரும்.

இவ்வளவும் செய்தால் படகு மூழ்கவே மூழ்காதா? அப்படி நான் சொல்லவில்லை. கடல்மட்டத்துக்கு 60 சென்டிமீட்டர் கீழே ஓர் அங்குல ஓட்டை விழுந்தால், டாரிசெல்லி விதிப்படி தண்ணீர் நொடிக்கு ஏறக்குறைய 3.4 மீட்டர் வேகத்தில் பாயும். துவாரத்தில் குறுகுவதைக் கழித்தாலும் நிமிஷத்துக்கு 60 லிட்டர், மணிக்கு 3,600 லிட்டர். நம் பம்ப் உண்மையில் தள்ளுவது 2,000. பாறையில் இடித்த படகை இந்தப் பம்ப் காப்பாற்றாது, அடைக்கத் துணியும் கட்டையும் தேடுவதற்குக் கொஞ்சம் நேரம் வாங்கித் தரும். அந்த நேரமாவது முழுசாகக் கிடைக்க வேண்டுமென்றால் முதல் மிதவைக்கு ஒரு சாண் மேலே இன்னொரு மிதவையை வைத்து, சத்தமான ஹாரன் ஒன்றைக் கொடுங்கள். பம்பால் முடியவில்லை என்று படகே கத்திச் சொல்லும்.

இனி, மனசில் இருப்பதைச் சொல்கிறேன். படகு கட்டும்போது இன்ஜினுக்கு லட்சக்கணக்கில் கொடுக்கிறோம். வலைக்குக் கொடுக்கிறோம். பெயின்டுக்கும் பெயர் எழுதுவதற்கும், விட்டுக்கொடுக்காமல் கொடுக்கிறோம். எல்லாம் முடிந்து, கையில் காசு தீர்ந்து, நாளைக்கு இறக்க வேண்டும் என்கிற அவசரத்தில், 'அப்படியே வயரையும் இழுத்து விட்டுடு தம்பி' என்று வயரிங்கைக் கடைசியில் தள்ளுகிறோம். அந்தத் தம்பியும் கையில் கிடைத்த வயரை, கையில் கிடைத்த டேப்பைச் சுற்றி முடித்துவிடுகிறான். அவனைக் குறை சொல்லி என்ன? நல்ல வயர் கேட்டால் விலை ஜாஸ்தி என்கிறோம். நேரம் கேட்டால் இழுத்தடிக்கிறான் என்கிறோம். வயரிங் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருப்பதால் அதற்குக் காசு கொடுக்க மனசு வருவதில்லை.

நல்ல வயர், ஃபியூஸ் ஹோல்டர், ஹீட் ஷ்ரிங்க், அரை நாள் கூலி எல்லாம் சேர்த்தாலும், மூழ்கின இன்ஜினை ஒருமுறை பிரித்துக் கட்டும் செலவில் ஒரு ஓரத்துக்குக்கூட வராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் விசைப்படகுக்காரர்களுக்குக் கிடைக்கிறது. படகைக் கரையேற்றி அடிப்பகுதி சுரண்டிப் பெயின்ட் அடிக்கும் அந்த நாட்களில், பம்பின் வயரிங்குக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். நாட்டுப்படகுக்காரர்கள் மழைக்கு முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். வயரிங் செய்யும் தம்பிகளே, ஒரு அட்டையில் படம் வரைந்து, ஃபியூஸ் எங்கே, எத்தனை ஆம்பியர் என்று எழுதி, பேட்டரிப் பெட்டியின் மூடியில் ஒட்டிவிட்டு வாருங்கள். நள்ளிரவில் டார்ச் வெளிச்சத்தில் தேடுகிறவனுக்கு அது பெரிய உதவி.

இப்போதைக்கு ஒரே ஒரு வேலை கொடுக்கிறேன். வாத்தியார் இல்லையா, வீட்டுப்பாடம் கொடுக்காமல் விட மாட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை படகுக்குப் போங்கள். வழக்கமாகப் படகை விட்டு இறங்கும்போது எதையெல்லாம் அணைப்பீர்களோ அதையெல்லாம் அணையுங்கள். பிறகு மிதவை தூக்கிக்கொள்ளும்வரை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுங்கள். மிதவையைக் கையால் தூக்கிப் பார்ப்பது சோதனை ஆகாது, தண்ணீர்தான் தூக்க வேண்டும். வெளியே ஹோஸ் வாயிலிருந்து தண்ணீர் கொட்டுகிறதா என்று பாருங்கள். கொட்டினால் நிம்மதியாக வீட்டுக்குப் போங்கள். கொட்டவில்லையென்றால், மழைக்கு முன்னாலேயே தெரிந்துகொண்டீர்கள், நல்லது.

என்ன ஆனது என்று கீழே எழுதுங்கள். இந்தத் தொழிலில் என்னைவிட அனுபவம் உள்ளவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். 'ஆஃப்' வேண்டாம் என்ற என் கருத்தில் உடன்பாடு இல்லாதவர்களும் காரணத்தோடு எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன். கனடாவில் ஏரியில் மீன் பிடிக்கும் மருமகனுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நன்னீரில் அரிப்பு மெதுவாக நடக்கும், ஆனால் நடக்கும்.

எல்லாரும் நலமாக இருங்கள். பார்த்துக் கடலுக்குப் போய் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்